சவுனாவைத் தள்ளிவைத்த ஊர்

விர்ப்பி ஹால்துனென் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது சென்ற ஏப்ரல் மாதம், நகரசபைக் கூட்டத்தில்.

அவள் உறுப்பினர் அல்ல. பின்லாந்தில் உள்ள ஹியெத்தாயோகி ஊரின் வெப்ப நிலையத்துக்குத் தலைமைப் பொறியாளர். ஊர் முழுவதற்கும் அங்கேதான் தண்ணீரைக் காய்ச்சித் தெருவுக்கு அடியில் போகும் குழாய்களில் அனுப்புகிறார்கள். வீடுகள் சூடாவதும் குளிக்க வெந்நீர் வருவதும் அதனால்தான். நிலையத்தின் பழைய நிலக்கரிக் கொதிகலனை மூடுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விவாதம். 1990-ல் விட்ட கரிப்புகையில் பாதிக்கும் கீழாக 2030-க்குள் இறங்க வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்திருந்தது. ஹியெத்தாயோகிக்காரர்களில் ஒரு பாதிப் பேர், அந்த ஆண்டு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே மூடுவோம் என்றார்கள். மறுபாதி, அவசரம் எதற்கு என்றது. அந்த மறுபாதிக்குத் தலைவன் விர்ப்பியின் சொந்த அண்ணன் தைஸ்தோ. அதே நிலையத்தின் நிலக்கரி முற்றத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன்.

"மைனஸ் முப்பத்தஞ்சு வந்தா என்ன பண்ணுவ? பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து ஆளுக்கொரு போர்வை அனுப்புவாங்களா?" என்று அவன் எழுந்து கேட்டான். சபையே சிரித்தது.

விர்ப்பிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பதில் சொல்லத் தயாராக வைத்திருந்த அட்டவணைகளை மூடி வைத்துவிட்டு, "வர்ற குளிர்காலம் பூரா நிலக்கரியும் வேணாம், அவசரத்துக்கு வெச்சிருக்கிற எண்ணெய் அடுப்பும் வேணாம். அந்த எண்ணெய் அடுப்ப ஒரே ஒரு தடவை ஏத்தினாக்கூட, மறுநாளே நிலக்கரிக் கொதிகலன நானே என் கையால பத்த வைக்கிறேன். போதுமா?" என்றாள்.

பதினான்குக்குப் பதின்மூன்று என்ற கணக்கில் கொதிகலன் மூடப்பட்டது. அவள் சொன்ன வாக்கியம் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. தைஸ்தோ அதைக் கத்தரித்துத் தன் பர்ஸில் வைத்திருப்பதாக ஊரில் பேச்சு. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது கிறிஸ்துமஸ் மேசையில்கூட உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கியதோடு சரி.

ஜனவரி நான்காவது வாரம் குளிர் வந்து உட்கார்ந்தது. வந்தது போகவில்லை. சனிக்கிழமை ஐந்தாவது நாள். காலையில் மைனஸ் முப்பத்து நான்கு. ஏரிப் பக்கம் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம் நிலையம்வரை கேட்டது. திங்கட்கிழமை மாலை நகரசபையில் தைஸ்தோவின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வர இருந்தது: நிலக்கரிக் கொதிகலனை 2030 வரை மறுபடியும் ஓட்ட வேண்டும்.

அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்த பின்பும் அதில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பை ஹீட் பம்ப்புகள் உறிஞ்சி எடுத்தன. கன்வேயர் பட்டை கொண்டுவந்து கொட்டும் மரச்சில்லை எரிக்கும் கொதிகலன் பெரும் பாரத்தைச் சுமந்தது. மின்சாரக் கொதிகலன் ஒத்தாசை செய்தது. முற்றத்தில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி நின்றது. தேவை குறையும்போது அது நிரம்பும். கூடும்போது அதிலிருந்து இறங்கும். ஐந்து நாள் குளிரில் அதுவும் பாதிக்கு வந்திருந்தது.

மதியம் ஒன்றேகாலுக்குக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்தது. ஷிப்ட் ஆப்பரேட்டர் வெய்க்கோ காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"விர்ப்பி, கன்வேயர் நின்னு போச்சு."

"எது?"

"எதுவா? நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானே!"

மரச்சில்லுக் குவியலில் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அது உறைந்து இறுகிப் பாறையாகி, கார் அளவுள்ள ஒரு கட்டி கன்வேயரின் வாயில் போய்ச் சொருகிக்கொண்டது. வெளியே போன நான்கு பேரும் கடப்பாரையால் இடித்துப் பார்த்துவிட்டு, நீராவிக் குழாயை இழுத்து வந்து உருக்கத்தான் வேண்டும், எப்படியும் ஏழு மணியாகும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

விர்ப்பி காகிதத்தில் கணக்குப் போட்டாள். தொட்டியில் பதின்மூன்று மீட்டர் வெந்நீர். சில்லுக் கொதிகலன் இல்லாமல் மணிக்கு இரண்டு மீட்டர் இறங்கும். நான்கு மணிக்கு எட்டு மீட்டர். அதுவரை பயமில்லை. ஆனால் இன்று சனிக்கிழமை. நான்கு மணிக்கு ஊரில் எல்லாரும் சவுனாவை, அனலில் உட்கார்ந்து வேர்க்கும் குளியலறையை, மூட்டுவார்கள். அடுக்குமாடி வீடுகளில் மின்சார அடுப்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எரியும். அத்தனையும் கரண்டை இழுத்தால் மின்சாரக் கொதிகலனுக்குப் பாதிதான் கிடைக்கும் என்று மின்வாரியம் முன்பே சொல்லியிருந்தது. சவுனாவில் வேர்த்தவர்கள் அத்தனை பேரும் பிறகு வெந்நீரைத் திறந்துவிட்டு அடியில் நிற்பார்கள். தொட்டி மணிக்கு நான்கு மீட்டர் இறங்கும்.

"அஞ்சரைக்கு ரெண்டு மீட்டர்," என்றாள்.

இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் ஊரின் கடைசித் தெருக்களுக்குச் சூடு போய்ச் சேராது. மருத்துவமனை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"ரெண்டு மீட்டரத் தொட்டா எண்ணெய் அடுப்ப ஏத்திடு வெய்க்கோ. என்னைக் கேக்க வேணாம். என் வாய்க்கொழுப்புக்காக ஒரு குழந்தைகூட நடுங்கக் கூடாது."

"புரியுது," என்றான் வெய்க்கோ. எண்ணெய் அடுப்பின் பம்ப்பைச் சூடாக்கத் தொடங்கினான்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தைஸ்தோ உள்ளே வந்தான். புருவமெல்லாம் உறைபனி. கையில் பிளாஸ்க். நகரசபை உறுப்பினர் நிலையத்தைப் பார்வையிடலாம் என்று விதி இருக்கிறது. அதை யாரும் சனிக்கிழமை பயன்படுத்தியதில்லை.

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள் விர்ப்பி.

"புகைபோக்கி சொல்லுச்சு. முப்பது வருஷம் பாத்த புகை. மெலிஞ்சா எனக்குத் தெரியாதா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எண்ணெய் அடுப்பு ஏத்தறத நேர்ல பாக்கலாம்னு வந்தேன் தங்கச்சி. நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

"பாக்க முடியாது. ஏத்தப் போறதில்ல."

"ஓ. எப்படி?"

எப்படி என்று அந்த நிமிடம்வரை அவளுக்கும் தெரியாது. அவன் கேட்ட தோரணையில்தான் அது மண்டையில் உதித்தது. தொலைபேசியை எடுத்து உள்ளூர் வானொலியைக் கூப்பிட்டாள்.

"என்ன சொல்லப் போற?" என்றான் தைஸ்தோ.

"சவுனாவ எட்டு மணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லப் போறேன்."

தைஸ்தோ பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காப்பியை வாயருகே கொண்டுபோயிருந்தான். அது சட்டையில் கொட்டும்படி சிரித்தான். "சனிக்கிழமை சவுனாவையா? பின்லாந்துக்காரங்ககிட்டயா? ஏரியத் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லு, விட்டாலும் விடுவாங்க!"

வெய்க்கோகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

மூன்று மணிச் செய்திக்குப் பிறகு அவளை நேரடியாகப் பேச விட்டார்கள். மேடையென்றால் அவளுக்கு ஆகாது. தொலைபேசியில் என்றாலும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"நான் வெப்ப நிலையத்துல விர்ப்பி ஹால்துனென். எங்க மரச்சில்லு கன்வேயர் உறைஞ்சு போச்சு. ஏழு மணிக்கு சரியாகும். யாரும் குளிர்ல கெடக்க மாட்டீங்க, அதுக்கு எண்ணெய் அடுப்பு தயாரா இருக்கு. ஆனா அதை ஏத்தாம சமாளிக்க முடியும்னு நான் நினைக்கிறேன், நீங்க உதவி செஞ்சா. இன்னிக்கு சவுனாவ எட்டு மணிக்கு மேல வெச்சுக்கங்க. அதுவரைக்கும் வெந்நீரக் கொஞ்சமாத் திறங்க. நான் கேக்கறது பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். எனக்கும் இன்னிக்கு அஞ்சு மணிக்கு எங்க குடியிருப்பு சவுனால முறை இருந்துச்சு."

போனை வைத்த மறுநொடி அது அடிக்க ஆரம்பித்தது. ஒருவர், நாற்பது வருடமாகச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வேர்க்கிறேன், இன்று எப்படி நிறுத்துவது என்று கேட்டார். ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் சவுனா முறைப் பட்டியலைக் கிழிப்பதா, மேலே காகிதம் ஒட்டுவதா என்று சந்தேகம். ஒரு பெண், எட்டு மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், அழுக்கோடு படுக்க வைக்கவா என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வெய்க்கோ எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "உங்க இஷ்டம். கேட்டுக்கிட்டோம், அவ்வளவுதான்."

நான்கு மணிக்கு இருட்டியது. தொட்டி எட்டு மீட்டர். நான்கரைக்கு ஆறு.

"ஒருத்தனும் கேக்கல," என்றாள் விர்ப்பி.

தைஸ்தோ சிரிக்கவில்லை. சற்று நேரமாகவே அவன் ஒலிக்கும் போன்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளை அழுக்கோடு படுக்க வைக்கவா என்ற அந்தப் பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டிருந்தது.

"உனக்குக் கேக்கத் தெரியல," என்றான் திடீரென்று. "வேணாம் வேணாம்னு சொன்னா யாரு கேப்பா? வேற எங்க போறதுன்னு சொல்லணும்ல?"

"வேற எங்க போவாங்க?"

"மக்கு. ஏரிக்கரை பூரா என்ன இருக்கு?"

ஏரிக்கரை பூரா விறகு சவுனாக்கள் இருந்தன. கரண்ட் வேண்டாம், குழாய் வெந்நீர் வேண்டாம். அண்டாவில் தண்ணீர் விறகிலேயே காயும். கோடை வீட்டுக்காரர்களுடையவை ஐம்பது அறுபது. எல்லாவற்றிலும் பெரியது, ஏரிப் பனியைத் துளைத்து நீந்துபவர்களின் பனிக்குளியல் சங்கத்தினுடையது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் உட்காரலாம். சங்கத்தின் தலைவன் தைஸ்தோதான்.

அவன் ஏற்கெனவே போனில் இருந்தான். "யூஹானி, சாவி உன்கிட்டதானே? ரெண்டு அடுப்பையும் மூட்டு. ஆமா, இப்பவே. கட்டணம் கிடையாது. எவன் வந்தாலும் விடு... சோஷலிஸ்ட்டையும் விடு, என்ன பண்றது!" அடுத்த எண். அதற்கடுத்த எண். பிறகு வானொலிக்கே போட்டு, "நான் தைஸ்தோ பேசறேன். கரையில விறகு சவுனா வெச்சிருக்கிற எல்லாரும் மூட்டுங்க. வாசல்ல ஒரு விளக்க வைங்க. விளக்கு எரிஞ்சா ஊர்க்காரங்க யாரு வேணா உள்ள வரலாம்னு அர்த்தம். இந்த ஊர்ல சனிக்கிழமை ஒருத்தனும் குளிக்காமத் தூங்க மாட்டான்," என்றான்.

விர்ப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தைஸ்தோ, நீ எதுக்கு..."

"உன் கொள்கைக்காக இல்ல. அந்தக் குழந்தைங்களுக்காக." தொப்பியை எடுத்து மாட்டினான். "என் புகையையும் சேத்து பிரஸ்ஸல்ஸுக்கு எழுதிப் போடு. திங்கக்கிழமை என் தீர்மானம் அப்படியேதான் இருக்கு, தெரிஞ்சுக்க." கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

ஐந்து மணிக்கு நான்கரை மீட்டர். வெய்க்கோ திரையைத் தட்டினான். "மெதுவாத்தான் எறங்குது."

"மெதுவான்னா?"

"அரை மணியில ஒண்ணரை. நாம ரெண்டு சொன்னோம்."

ஐந்தேகாலுக்கு மின்வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் குழம்பிப் போயிருந்தார். "உங்க ஊர்ல கரண்ட் எடுக்கறது விழுந்துக்கிட்டே வருது. எங்கயாச்சும் லைன் அறுந்திருக்கா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு," என்றாள் விர்ப்பி. எழுந்தே நின்றுவிட்டாள். "ஜனங்க சவுனாவ நிறுத்திட்டாங்க."

"சனிக்கிழமையா?" என்றது குரல், நம்பாமல். பிறகு, "சரி. உங்க கொதிகலனுக்கு முழுசும் எடுத்துக்கங்க."

வெய்க்கோ கூவியே விட்டான். மின்சாரக் கொதிகலனை உச்சத்துக்கு ஏற்றினான். விர்ப்பி மாடிப்படி ஏறி மேல்தளத்து ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியை உள்ளங்கையால் தேய்த்தாள்.

கீழே கரைத்தெருவில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. தோளில் துண்டு, கையில் சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டு, பின்னால் சறுக்கு வண்டியில் கம்பளிக்குள் பொதிந்த குழந்தைகள். வாய்வழியே வரும் மூச்செல்லாம் வெண்புகை. ஏரிக்கரை நெடுக ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு ஏற்றப்பட்டன. ஒவ்வொரு கூரைமேலும் விறகுப்புகை நட்டு வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. பனிக்குளியல் சங்கத்து வாசலில் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். அந்தக் குளிரில் விரல் எப்படி ஓடியதோ. இடுப்புத் துண்டோடு ஒரு கூட்டம் ஆவி பறக்க வெளியே ஓடிவந்து பனியில் புரண்டு, கத்திக்கொண்டே திரும்ப உள்ளே ஓடியது. விர்ப்பிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே வந்தபோது மணி ஆறு. தொட்டி மூன்று மீட்டர்.

ஆறேகாலுக்கு இரண்டு புள்ளி ஆறு. வெய்க்கோவின் விரல் எண்ணெய் அடுப்பின் பொத்தானுக்கு மேலே இருந்தது. வெளியே நீராவிக் குழாயோடு நிற்பவர்கள், கட்டி பாதி உருகியிருக்கிறது என்றார்கள்.

ஆறரைக்கு இரண்டு புள்ளி மூன்று.

"விர்ப்பி..."

"ரெண்டுன்னு சொன்னேன். ரெண்டுன்னா ரெண்டு. தொட்டவுடனே அமுக்கு."

இரண்டு புள்ளி மூன்று. இன்னும் இரண்டு புள்ளி மூன்றுதான். வெய்க்கோ திரையருகே முகத்தைக் கொண்டுபோனான். அளவுமானி செத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, இரண்டாவது அளவுமானியைப் பார்த்தான். அதிலும் அதேதான். ஐந்து நிமிடம் எண் அசையவில்லை. பிறகு அசைந்தது.

இரண்டு புள்ளி நான்கு.

"கன்வேயர் ஓடுதா?" என்று விர்ப்பி வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

"இல்லயே, இன்னும் அரை மணி ஆகும்," என்று பதில் வந்தது.

"அப்புறம் எப்படி ஏறுது?" என்றான் வெய்க்கோ. "சில்லு இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படிம்மா ஏறுது?"

விர்ப்பி ஊரின் தேவையைக் காட்டும் கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தாள். இத்தனை வருடத்தில் எந்தச் சனிக்கிழமையும் இப்படி ஒரு கோட்டை அவள் கண்டதில்லை. மலைபோல் ஏற வேண்டிய நேரத்தில் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. சவுனா மட்டும் போதாது இதற்கு. வெந்நீர் மட்டும் போதாது. ஜனங்கள் ஏரிக்குக் கிளம்பும்முன் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரையும் குறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை யாரும் கேட்கவே இல்லை. வானொலியில் யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

"அவங்களே பண்ணிட்டாங்க," என்றாள். "வெய்க்கோ, இது நாம இல்ல. அவங்களே பண்ணிட்டாங்க!"

வெய்க்கோ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இருபது வருடம் சேர்ந்து வேலை செய்ததில் கைகுலுக்கியதற்கு மேல் அவர்கள் போனதில்லை.

ஏழு பத்துக்குக் கன்வேயர் ஓடியது. எண்ணெய் அடுப்பின் பம்ப்பை வெய்க்கோ அணைத்தான். அதில் ஒரு சொட்டும் எரியவில்லை.

திங்கட்கிழமை நகரசபைப் பார்வையாளர் மாடத்தில் நிற்க இடமில்லை. தைஸ்தோ தன் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் பெறவில்லை.

"சங்கத்து சவுனாவுக்கு மட்டும் நானூத்திப் பன்னெண்டு பேரு வந்தாங்க," என்றான். "எனக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்க பாதிப் பேரோட முதுக நான்தான் இலையால அடிச்சேன். நல்லாவே அடிச்சேன்." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஊரு செஞ்சத நிலையம் செஞ்சுச்சுன்னு எழுதிக்காதீங்க. அடுத்த வாரமும் ஜனங்க இப்படியே வருவாங்கன்னு யாரு கையெழுத்துப் போடுவா? விர்ப்பி, நீ போடுவியா?"

எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பின. ஏப்ரலில் இப்படித்தான் மாட்டினாள். இம்முறை நிதானமாக எழுந்தாள்.

"போட மாட்டேன். தைஸ்தோ சொல்றது சரி. ஒரே கன்வேயர நம்பி நான் அவ்வளவு பெருசாப் பேசியிருக்கக் கூடாது. சில்லுக் குவியல திறந்த வெளியில விட்டது என் தப்பு. அதுக்குக் கூரை வேணும், ரெண்டாவது கன்வேயர் வேணும். ஆனா நிலக்கரி வேணாம். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கோட்ட நான் பாத்தேன். அதப் பாத்தப்புறம் பின்னால திரும்ப எனக்கு மனசில்ல."

வாக்கெடுப்பில் நிலக்கரித் தீர்மானம் பதினெட்டுக்கு ஒன்பது என்று தோற்றது. தைஸ்தோ கணக்கைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, உட்காராமல் அங்கேயே நின்று அடுத்த தீர்மானத்தைக் கொண்டுவந்தான்: சில்லு முற்றத்துக்குக் கூரையும் இரண்டாவது கன்வேயரும், அடுத்த குளிர்காலத்துக்குள். இருபத்தேழு கைகளும் உயர்ந்தன. கட்டுமானக் குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று கேட்டபோது, உறைந்த குவியலோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் இந்தச் சபையில் ஒருவன்தான் இருக்கிறான் என்று எதிர்வரிசையிலிருந்தே ஒருவர் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு விர்ப்பிக்குக் கட்டுமானக் குழுத் தலைவன் தைஸ்தோவிடமிருந்து போன் வருகிறது. கூரையின் சரிவு போதாது, பனி தங்கும் என்பான். நீ வரைந்த கன்வேயர் வாயில் என் பூட்ஸ்கூட நுழையாது என்பான். அவளும் விடுவதில்லை, கிரேன் ஓட்டியவனுக்கு வரைபடம் படிக்கத் தெரியுமா என்று கேட்பாள். வீட்டில் எல்லாரும் எழுந்துவிடும் அளவுக்குச் சத்தம் போடுவார்கள். போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் அவள் எடுத்துவிடுகிறாள்.